டிராக்கின் சமன்பாடும் ஒரு தமிழ் மாணவரும்

கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1959 ஆம் ஆண்டில் கணிதப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றவர் இலங்கைத் தமிழரான கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் (1918–2001). பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் பயின்ற இவர், கொழும்பில் பட்டம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே வழிகாட்டியாக வாய்த்தவர் 1933 இல் நோபெல் பரிசு பெற்ற டிராக்.

மின்னூட்டமுள்ள துகளின் வேகம் மாறும்போது, அது அலைகளை வீசி ஆற்றலை இழக்கும். அவ்விழப்பு துகளின் ஓட்டத்தை எங்ஙனம் பாதிக்கும் என்பதற்கு 1938 இல் டிராக் ஒரு சமன்பாடு வகுத்தார். 1943 இல் எலியேசர் அதனை மிக எளிய நிலையொன்றில் வைத்துச் சோதித்தார். எலெக்ட்ரான் ஒன்று புரோட்டானை நோக்கி நேர்கோட்டில் செல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈர்ப்பவை. ஆகவே மோதியே தீரும் என்றுதான் எவரும் எண்ணுவர். கணக்கோ, எலெக்ட்ரான் நடுவழியில் நின்று, திரும்பி, முடுக்கம் பெருகப் பெருக அப்பாலே ஓடிவிடும் என்றது! செனாயிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் புறப்பட்ட வண்டி, வழியில் தானே திரும்பிச் செனாயையும் கடந்து விரைவதைப் போன்றது இது.

இத்தகைய ஓடும் விடைகள் உண்டென்பதை டிராக்கும் அறிந்திருந்தார். அவற்றை ஒதுக்கிவிட்டு எஞ்சியவற்றைக் கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். இங்கோ, ஒதுக்கினால் எஞ்ச ஒன்றுமில்லை. எலியேசர் குறைகாட்டியதோடு நின்றாரல்லர். 1948 இல் மாற்றுச் சமன்பாடொன்றையும் முன்வைத்தார். 1991 இல் ஃபோர்டு, ஓகானல் ஆகிய இருவரும் வேறு வழியில் சென்று அதே வடிவத்தை அடைந்தனர். இன்று அது மூவர் பெயராலும் வழங்குகிறது.

கோலாலம்பூரில் புலத்தலைவர் பொறுப்பும் இவரைச் சேர்ந்தது. நிர்வாகம் ஆராய்ச்சியாளரின் பொழுதை விழுங்கும் என்பர். எனினும் திசையன் கணிதம் பற்றிய இவருடைய பாடநூல் வெளிவந்தது இக்காலத்தில்தான், 1963 இல். 1968 இல் மெல்போர்ன் லா டிரோப் பல்கலைக்கழகத்துக்குப் பயன்முறைக் கணிதப் பேராசிரியராகச் சென்றார். ஐம்பத்தெட்டாம் வயதை எட்டிய 1976 இலும் அவர் கை ஓயவில்லை. விறைப்பு காலத்தோடு மாறும் சுருள்வில்லில் ஆற்றல் நிலைத்திராது. ஆயினும் வேறோர் அளவு மாறாதிருக்கும். அவ்வளவு எதைக் குறிக்கிறது? தளமொன்றில் இயங்கும் புள்ளியின் கோண உந்தமே அது என்று கிரேயுடன் சேர்ந்து எலியேசர் விளக்கினார்.