டப்பாவில் கிடக்கும் கணினிகள்

வானூரில் செல்போன் பழுது பார்க்கும் கடை மேசைக்கடியில் பழைய போன்கள் நிறைந்த டப்பா ஒன்று கிடக்கிறது. பலவற்றில் திரையும் நன்றாக இருக்கிறது, போர்டும் நன்றாக இருக்கிறது. கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்டது, புதிய செயலிகள் ஏறுவதில்லை, அவ்வளவுதான். மரக்காணம் உப்புக்காற்று அரித்துத் தின்ற போன்களைவிட இவற்றைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. அரித்த போர்டுக்கு மருந்தில்லை. இவற்றுக்கு உண்டு, அதன் பெயர் லினக்ஸ்.

இது புது யோசனை அல்ல. 2000-இல் விண்டோஸோடு விற்பனைக்கு வந்த காம்பாக் ஐபேக் கைக்கணினியில், அந்த நிறுவனத்தின் ஆய்வகத்தாரே லினக்ஸை ஏற்றினார்கள். சொந்தப் பொருள், வரைபடம் கையில் இருந்தது. மற்ற கைக்கணினிகளுக்கு அந்த வரைபடம் கிடைக்கவில்லை. எந்தப் பொத்தான் சிப்பின் எந்தக் காலில் சேர்கிறது, திரைவிளக்கு எதனால் எரிகிறது என்று யாரும் சொல்லவில்லை.

அதற்காகப் பிறந்த கருவிதான் ஹாரெட். அந்தக் கைக்கணினிகளில் இருந்த விண்டோஸ் சிஇ-க்குள்ளேயே ஒரு சாதாரணச் செயலி போல ஓடும். பொத்தானை அழுத்துங்கள், எந்தக் கால் பூஜ்யத்திலிருந்து ஒன்றாகிறது என்று காட்டும். விடுங்கள், மறுபடி பூஜ்யம். குறித்துக்கொள்ளுங்கள். இப்படி ஒவ்வொன்றாக, வாரக்கணக்கில். கண் கட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டில் சுவிட்ச் தேடுவது மாதிரிதான். வரைபடம் ஓரளவு தேறியதும், அதே ஹாரெட் லினக்ஸின் மையமான கர்னலை நினைவகத்தில் ஏற்றி, விண்டோஸைத் தள்ளிவிட்டு அதை ஓடவைக்கும். தவறினாலும் பயமில்லை. ரீசெட் செய்தால் பழைய விண்டோஸ் திரும்பி வந்துவிடும்.

அதே காலத்தில் பெங்களூரில் நேர் எதிரான வழியில் போனார்கள். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் என்கோர் நிறுவனத்தோடு சேர்ந்து 2001 ஏப்ரலில் சிம்ப்யூட்டரை அறிமுகம் செய்தார்கள். ஐபேக்கில் இருந்த அதே ஸ்ட்ராங்ஆர்ம் சிப். பிறக்கும்போதே லினக்ஸ். போர்டின் வடிவமைப்பையும் வெளியிட்டார்கள். ஒருவரே வாங்க வேண்டியதில்லை, ஊரே பகிர்ந்துகொள்ளலாம் என்று ஸ்மார்ட் கார்டு வைத்தார்கள். சில ஆயிரம்தான் விற்றது. தோற்றதாகச் சொல்கிறார்கள், நான் ஒப்பமாட்டேன். தோற்றது வியாபாரம். காசு கொடுத்து வாங்கியவருக்குப் பொருளின் உள்வயணம் தெரிய வேண்டும் என்ற எண்ணம் சரியானது.

2017-இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், பத்தாண்டாவது ஒரு போன் உழைக்க வேண்டும் என்று பழைய போன்களில் லினக்ஸை ஏற்றும் அதே வேலையைச் செய்கிறது. எங்கள் மாவட்டத்திலேயே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் கற்றுத் தருகிறது. அந்தப் பிள்ளைகள் கைக்கு இந்த டப்பா போக வேண்டும்.

தொடங்கும் இடமும் எளிதுதான். பின்மூடியைக் கழற்றினால் பல போர்டுகளில் சீரியல் இணைப்புக்கான பொடிப் புள்ளிகள் இருக்கும். மூன்று வயர் பற்றவைத்தால் போதும். வோல்டேஜை மட்டும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள், 1.8 வோல்ட் போர்டில் 5 வோல்ட்டைக் கொடுத்தால் போன் போய்விடும். சரியாகப் பொருந்தினால், போனின் திரை கறுப்பாகவே இருந்தாலும், கர்னல் எழும் வரிகள் பக்கத்து லேப்டாப்பில் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கும்.