தலைவர் நீங்கியபின்

தலைவர் பிறக்கின்றனரா, ஆக்கப்படுகின்றனரா என்னும் வினா பழமையானது. 1840-ஆம் ஆண்டில் கார்லைல் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர் லண்டன் நகரில் நிகழ்த்திய ஆறு பிரசங்கங்களில், சரித்திரத்தை நடத்துவோர் மகாபுருஷரே என வற்புறுத்தினார். அம்மகாபுருஷரைத் தோற்றுவிப்பது அவர் பிறந்த சமூகமன்றோ என 1873-இல் ஸ்பென்ஸர் மறுத்தார். இருவரும் வாதித்தனரேயன்றிச் சோதித்துப் பார்த்தாரில்லை.

சோதனை, அமெரிக்க தேசத்து அயோவா சர்வகலாசாலையில் நிகழ்ந்தது. லெவின், லிப்பிட், ஒயிட் என்னும் மூவர் பத்து வயதுச் சிறுவரை ஐவர் ஐவராகச் சங்கங்களாக்கி, முகமூடி செய்தல் போன்ற கைவேலைகளில் அமர்த்தி, தாம் கண்டவற்றை 1939-இல் வெளியிட்டனர். ஒரு தலைவர் யாவற்றையும் தாமே ஆணையிட்டார், ஒருவர் சிறுவரோடு கலந்து தீர்மானித்தார், ஒருவர் வாளாவிருந்தார். தலைவர்கள் இம்முறைகளை மாற்றி மாற்றிக் கைக்கொண்டமையால், விளைந்த வேறுபாடு ஆளைப் பற்றியதன்று, முறையைப் பற்றியதே. ஆணைக்குட்பட்டோர் வேலையிற் குறைந்தாரில்லை. ஆனால் தலைவர் அறையைவிட்டு நீங்கியதும் அவர்கள் கை ஓய்ந்தது. கலந்து செய்தோரோ அவரில்லாதபோதும் செய்துகொண்டேயிருந்தனர். (ஆசிரியர் வெளியேறிய வகுப்பின் நிலையை நம் மாணவர் அறியாதாரல்லர்!)

1948-இல் ஸ்டாக்டில் என்பார், அதுவரை வெளிவந்த நூற்றுக்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளைத் திரட்டி நோக்கினார். எவ்விடத்தும் ஒருவரைத் தலைவராக்கவல்ல குணத்தொகுதி அவற்றுள் அகப்படவில்லை. ஓரிடத்துத் தலைவர் வேறோரிடத்துத் தலைவராகாமலும் போகலாம் என்றே அவர் கண்டார்.