ஆதண்டைக் கொடியில் வளரும் வெள்ளைச் சிறகுகள்

ஆதண்டங்காய் வற்றலை விரும்பிக் கேட்டு வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உப்பு மோரில் ஊறிக் காய்ந்து, எண்ணெயில் பொரிந்து வத்தக்குழம்பில் விழும் அந்தக் காய் எந்தக் கொடியில் காய்க்கிறது என்று பார்த்தவர்கள்தான் குறைவு. கோயில் காடுகளிலும் புதர்க்காடுகளிலும் பக்கத்து மரத்தைப் பற்றி ஏறும் முட்கொடி அது. இலைக்காம்பின் அடியில் இரண்டிரண்டாகப் பின்வளைந்த முட்கள். சட்டையில் மாட்டினால் இழுக்கக் கூடாது; வந்த வழியே பின்னால் நகர்ந்துதான் விடுபட வேண்டும்.

கடுகுக்கும் முட்டைக்கோசுக்கும் ஆதண்டை தூரத்து உறவு. கடுகின் காரநெடிக்குக் காரணமான குளுக்கோசினோலேட் வகை வேதிப்பொருள்கள் இதன் இலையிலும் உண்டு. பெரும்பாலான பூச்சிகளை விரட்டிவிடும் இந்தக் காரத்தை, வெள்ளையன் குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் தின்று செரிக்கின்றன. அவற்றின் குடலிலுள்ள ஒரு புரதம், கடும் நஞ்சு உருவாகும் முன்பே அந்த வேதிப்பொருளை வேறு பொருளாகத் திருப்பிவிடுகிறது. பயனியர், காமன் கல், சைக்கி, காமன் வாண்டரர் எனப் பல இனங்கள் இந்தக் கொடியை நம்பி முட்டையிடுகின்றன.

இதே கொடியில் முட்டையிடும் இன்னொரு இனமான கிரேட் ஆரஞ்ச் டிப்பின் புழுவை நின்று பார்க்க வேண்டும். இலையின் நடுநரம்பை ஒட்டிப் படுத்திருக்கும்போது அதுவும் பச்சை, இலையும் பச்சை; கண்ணுக்குத் தட்டுப்படாது. தொந்தரவு செய்தால் முன்னுடலைத் தூக்கி உப்பவைக்கும். பக்கவாட்டில் நீலமும் சிவப்புமாகப் புள்ளிகள் தெரிய, அசல் பச்சைப்பாம்பின் தலை! கொத்த வரும் குருவி ஒரு கணம் தயங்கினாலே அதற்குப் போதும். இப்படித் தப்பிய புழுதான், இந்தியாவின் வெள்ளையன் குடும்பத்திலேயே மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சியாகிப் பறக்கிறது.

வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்றால் பூச்செடிகளை வரிசையாக நட்டுவிடுகிறோம். தேன் குடிக்க ஆயிரம் பூ கிடைக்கும். முட்டையிட இடம் வேண்டாமா? அந்த இடத்தைத்தான் முட்புதர் என்று சொல்லி ஜேசிபி வைத்து வழிக்கிறோம். உயிர்வேலியை எடுத்துவிட்டுக் கம்பிவேலி போடும்போதும் முதலில் போவது ஆதண்டைதான். எனக்கு இது பெரும் வேதனை.

காய் பறிப்பவர்களால் கொடிக்குக் கேடில்லை. அவர்களுக்கு வேண்டியது பிஞ்சுக்காய். புழுவுக்கு வேண்டியது மழைக்குப் பின் வரும் தளிர். அடியோடு வெட்டாமல் விட்டால் இரண்டு பேருக்கும் ஒரே கொடி போதும்.