கணக்கும் மதிப்பீடும்

எத்தனை கறவை மாடுகள் வழங்கப்பட்டன என்பது கணக்கு. எத்தனை வீடுகளில் பசி நீங்கியது என்பதே மதிப்பீடு.

வங்கதேசத்தில் பிராக் நிறுவனம், ஊர்மக்களே கூடி அடையாளம் காட்டிய மிக வறிய குடும்பங்களின் பெண்களுக்குக் கால்நடைகளும் இரண்டாண்டுப் பயிற்சியும் வழங்கும் திட்டத்தை 2002இல் தொடங்கியது. அவர்களின் வருவாய் உயர்ந்தது. நல்ல மழையாலும் அது உயர்ந்திருக்கலாம் அன்றோ? எனவே, ஆய்வாளர்கள் திட்டம் நுழைந்த ஊர்களை நுழையாத ஊர்களோடு ஒப்பிட்டனர். மழை இரண்டுக்கும் பொது. எஞ்சிய வேறுபாடே திட்டத்தின் பயன். உதவி நின்றபின்னும் சென்று கண்டனர், உயர்வு நிலைத்திருந்தது.

பின்னர் எத்தியோப்பியா, இந்தியா, பெரு உள்ளிட்ட ஆறு நாடுகளில் இம்முறை ஆராயப்பட்டது. ஹோண்டுராசில் மட்டும், பலர் பெற்ற கோழிகள் நோயுற்று மடிந்ததால், செலவுக்கேற்ற பயன் கிட்டவில்லை. தோல்வியையும் மறைக்காது உரைக்கும் மதிப்பீடே அடுத்த ஊரின் பசி தீர வழிகாட்டும்.