பேசினார்களா, பேசி வந்தார்களா? ஸ்பானிய இறந்தகால வினையும் அரபு இலக்கணமும்

அந்தலுஸின் வரலாற்றை ஆழ்ந்து பயில விரும்புவோருக்கு அரபு மட்டும் போதாது. ஸ்பானிய மொழியும் தேவைப்படுகின்றது. அம்மொழியைக் கற்கப் புகும் நம் மாணவர்கள் முதலில் தடுமாறுமிடம் இறந்தகால வினையாகும். ஒரே வினைக்கு அங்கு இரண்டு தனித்தனி இறந்தகால வாய்பாடுகள் உள்ளன. எதனை எங்கு ஆளுவது என்ற ஐயம் பலருக்கும் எழுகின்றது. ஆனால் ஸர்ஃபும் நஹ்வும் ஓதியவரின் கையில் அதற்கான திறவுகோல் முன்னரே இருக்கின்றது.

‘பேசுதல்’ எனப் பொருள்படும் ‘அப்லார்’ என்ற வினையைக் கொள்வோம். இதிலும் இதன் வடிவங்களிலும் வரும் பகரத்தை ‘அன்பு’ என்ற சொல்லில் ஒலிப்பதுபோல் ஒலிக்க வேண்டும். முதல் வாய்பாடு: அப்லே (பேசினேன்), அப்லாஸ்தே (பேசினாய்), அப்லோ (பேசினார்), அப்லாமோஸ் (பேசினோம்), அப்லாஸ்தெய்ஸ் (பேசினீர்கள்), அப்லாரோன் (பேசினார்கள்). இரண்டாம் வாய்பாடு இதே வரிசையில்: அப்லாபா, அப்லாபாஸ், அப்லாபா, அப்லாபாமோஸ், அப்லாபாய்ஸ், அப்லாபான்.

அரபு மாளீயின் பதினான்கு ஸீகாக்களை மனனம் செய்தவருக்கு இந்த ஆறும் சுமையல்ல. இங்கு இருமையும் இல்லை; ஆண்பால், பெண்பால் வேறுபாடும் இல்லை. அரபிலும் தமிழிலும் போலவே விகுதியே எழுவாயைக் காட்டிவிடும். எனினும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ‘அப்லாபா’ என்பது ‘நான்’, ‘அவர்’ இரண்டிற்கும் பொதுவாதலால், ஐயம் நேருமிடத்து எழுவாயை வெளிப்படையாகக் கூற வேண்டும். ‘அப்லோ’ என்பதில் அழுத்தம் இறுதி அசையில் விழ வேண்டும். முதலசைக்கு மாறினால் அது ‘நான் பேசுகிறேன்’ என்றாகிவிடும்.

இனிப் பொருளுக்கு வருவோம். முதல் வாய்பாடு, செயலை முடிந்துபோன ஒரு முழுமையாகக் காட்டுகின்றது. அரபில் ‘தகல்லம’ என்பது போல. இரண்டாவது, செயலை அதன் உள்ளிருந்து, தொடர்ச்சியாகவோ வழக்கமாகவோ காட்டுகின்றது. ‘கான’ என்பதுடன் முளாரிஃ சேர்ந்த ‘கான யதகல்லமு’ என்பது போல. தமிழில் ‘பேசினார்’ என்பதற்கும் ‘பேசி வந்தார்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இதற்கு நெருங்கியது.

நெடுங்காலச் செயலுக்கு இரண்டாவது, குறுங்காலச் செயலுக்கு முதலாவது என்று கொள்வது பிழை. ‘முந்நூறு ஆண்டுகள் அங்கு அரபு பேசினார்கள்’ என்று கால அளவை வரையறுத்துக் கூறினால் ‘அப்லாரோன்’ என்பதே சரி. ‘அக்காலத்தில் அங்கு அரபு பேசி வந்தார்கள்’ என்று எல்லை குறிக்காமல் கூறினால் ‘அப்லாபான்’. அளவு கோலன்று, எல்லையே கோல்.

இவ்வேறுபாட்டின் கனத்தை வரலாறு உணர்த்துகின்றது. 1492இல் கர்னாத்தா வீழ்ந்தது. கட்டாய மதமாற்றத்திற்குப் பின்னரும் அங்குள்ள மொரிஸ்கோக்கள் அரபு பேசி வந்தார்கள். 1567இல் மன்னர் இரண்டாம் ஃபிலிப்பின் ஆணை வெளியாயிற்று: மூன்றாண்டுகளுக்குள் காஸ்திலிய மொழியைக் கற்க வேண்டும்; அதன்பின் வீட்டிற்குள்ளும் அரபு கூடாது. கிழக்கத்திய கிறிஸ்தவர்களும் அரபு பேசுகிறார்களே என்று பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலேய் என்ற முதிய மொரிஸ்கோ எடுத்துரைத்தார். அவரது முறையீடு ஏற்கப்படவில்லை. 1568இல் அல்புஹாரா மலைப்பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. 1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்கள் நாடு கடத்தப்பட்டனர்.

இதனை ஸ்பானிய மொழியில் எழுதுபவர், ‘மக்கள் அரபு பேசி வந்தார்கள்’ என்பதற்கு ‘அப்லாபான்’ என்றும், ‘மன்னர் தடை செய்தார்’ என்பதற்கு முதல் வாய்பாட்டின்படி ‘ப்ரோஇபியோ’ என்றும் எழுதுவார். ஆணை ஒரு நாளில் பிறந்து முடிந்த செயல். பேச்சோ, அது எப்போது நின்றது என்பதை வினை கூறவில்லை. அங்கே ‘அப்லாரோன்’ என்று எழுதிவிட்டால், அம்மக்களின் மொழிவாழ்வு முடிந்த கணக்காகிவிடும்.

ஒப்புமைக்கும் ஓர் எல்லை உண்டு. திருக்குர்ஆனில் அல்லாஹ்வின் பண்புகளோடு வரும் ‘கான’ என்பதைக் கடந்த காலமாகக் கொள்ளலாகாது. அது நிலைபேற்றைக் குறிப்பது. ஸ்பானிய மொழியில் அதனை ‘எரா’ என்றோ ‘ஃபுவே’ என்றோ இறந்தகாலத்தில் பெயர்த்தால் ‘இருந்தான்’ என்ற பொருளே தோன்றும். ‘எஸ்’ என்ற நிகழ்காலமே பொருந்தும். தமிழில் நாம் ‘இருக்கின்றான்’ என்று பெயர்ப்பதும் அதனாலேயே.

அரகோன் பகுதி மொரிஸ்கோக்களில் பெரும்பாலோர் அரபுப் பேச்சை இழந்திருந்தனர். ஆயினும் அரபுத்தமிழில் நம் முன்னோர் செய்தது போலவே, தம் ஸ்பானியப் பேச்சை அரபு எழுத்தில் எழுதினர். அல்ஹமியாதோ எனப்படும் அத்தகைய கையெழுத்துப் பிரதிகள் பல, 1884இல் அல்மோனாசித் தெ லா சியெர்ரா என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, மறைவிடத்திலிருந்து வெளிப்பட்டன. அவற்றைப் படிக்க முனையும் நம் மாணவர், ஸ்பானிய வினைவிகுதிகளை அரபு எழுத்துகளிலேயே காண்பார். ஆண்டுகளைக் குறித்துக்கொள்வதற்கு முன், எந்த வினை எல்லையிட்டு முடிக்கப்பட்டுள்ளது, எது முடிக்கப்படாமல் விடப்பட்டுள்ளது என்பதை அவர் நோக்குவாராக.