இழுத்தால் நீளும் நூல்

காலுறையின் வாய்ப்பகுதியை இழுத்துப் பாருங்கள். நீளும், விட்டால் பழைய நிலைக்கே திரும்பும். இந்த வித்தையைச் செய்வது பெரும்பாலும் ஸ்பான்டெக்ஸ் என்னும் செயற்கை இழை. எலாஸ்டேன், லைக்ரா என்ற பெயர்களிலும் இதை நீங்கள் அறிந்திருக்கலாம். 1958-ல் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் இதை உருவாக்கினார்.

இது எப்படி நீள்கிறது? இதன் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு நீண்ட சங்கிலி. அதில் மென்மையான பகுதிகளும் விறைப்பான பகுதிகளும் மாறிமாறி வருகின்றன. மென்மையான பகுதிகள் சுருண்டு கிடக்கும், இழுத்தால் நேராகும். விறைப்பான பகுதிகளோ ஒன்றையொன்று பற்றிக்கொண்டு முடிச்சுகளைப்போல் நிற்கும். ஆகவே இழை அறுந்துவிடாமல் ஐந்து மடங்குக்கு நீண்டு, மீண்டும் சுருங்குகிறது.

இத்தனை பயனுள்ள பொருளால் என்ன தொல்லை? சில பனியன்களின் லேபிளில் 'பருத்தி 95%, எலாஸ்டேன் 5%' என்றிருக்கும். அந்த ஐந்து சதவீதம்தான் தொல்லை! பழைய பருத்தித் துணியைப் பற்கள் கொண்ட உருளைகளால் கிழித்துப் பஞ்சாக்கி, மீண்டும் நூல் நூற்கலாம். ஸ்பான்டெக்ஸ் அவ்வாறு கிழிவதில்லை. நீண்டு உருளைகளில் சிக்கிக்கொள்கிறது. இதனால் அதனோடு சேர்ந்த நல்ல பருத்தியும் குப்பைக்குப் போக நேர்கிறது. மேலும், ஸ்பான்டெக்ஸின் மூலப்பொருள் பெரும்பாலும் பெட்ரோலியமே.

மரத்திலிருந்து கிடைக்கும் ரப்பரைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். ஸ்பான்டெக்ஸ் வருமுன் ரப்பர் நூல்தான் பயன்பட்டது. ஆனால் மிக மெல்லியதாக்கினால் அது எளிதில் அறுந்துவிடும். அதற்கு வலுவூட்ட முடியுமா?

டயர் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று யோசித்ததுண்டா? ரப்பர் பால் வெண்மையானது. அதிலிருந்து கிடைக்கும் ரப்பரில் நுண்ணிய கரித்தூளைக் கலக்கிறார்கள். அது ரப்பரை வலுவாக்கி, தேய்மானத்தைக் குறைக்கிறது. ஆனால் கரித்தூள் அதிகமானால் ரப்பர் விறைத்துவிடும். டயருக்கு ஏற்றது உடைக்கு ஆகாது.

இங்கேதான் கிராஃபீன் வருகிறது. இது ஓர் அணுவின் தடிமனே உள்ள கார்பன் தகடு. 2004-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகியோர் இதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர்; 2010-ல் நோபல் பரிசு பெற்றனர். ஒரு கிராம் கிராஃபீனைத் தனித்தனித் தகடுகளாகப் பிரித்தால், இருபுறமும் சேர்ந்த பரப்பு சுமார் 2,600 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய 64 சென்ட் நிலம்! ரப்பர் மூலக்கூறுகள் பற்றிக்கொள்ள அவ்வளவு இடம் இருப்பதால், மிகச் சிறிதளவு கிராஃபீனே போதும். அதே பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் ரப்பர் படலங்களில் இதைக் கலந்து, வலிமையும் நீட்சியும் 50 சதவீதம்வரை கூட முடியும் என்று காட்டினர்.

இத்தகைய ரப்பரை நூலாக்கினால், மெல்லிய இழையே போதுமானதாகலாம். உடையும் நெடுநாள் உழைக்கலாம். ஆனால் ரப்பர் நூலும் உருளைகளில் சிக்கக்கூடியதே. அதைப் பருத்தியிலிருந்து எளிதில் பிரிக்க முடியுமா? சலவையில் உதிரும் துகள்களால் தீங்கு உண்டா? கிராஃபீனைத் தயாரிக்க எவ்வளவு ஆற்றல் செலவாகும்? இவற்றுக்கும் விடை கண்டாக வேண்டும்.

ஒரு பொருளை உருவாக்கும்போதே அதன் முடிவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஐந்து சதவீத இழை நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.