குஞ்சுகள் கொல்லைக்குப் போகும் நாள்

எங்கள் உறையூருக்குக் கோழியூர் என்று இன்னொரு பெயர் உண்டு. யானையை ஒரு கோழி எதிர்த்து வென்ற இடம் என்பது கதை. நாச்சியார் கோயிலையும் திருக்கோழி என்றுதான் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஒரு ஆடி மாதத்தில் ஒரே ராத்திரியில் ஏழு குஞ்சுகளைச் சாகக் கொடுத்தவள் நான். உங்களில் யாருக்கும் அந்தக் கஷ்டம் வரக்கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முட்டைக் காசு கைச்செலவுக்கு ஆகுமே என்று முப்பது ஒரு நாள் குஞ்சுகள் வாங்கினேன். பின்கட்டில் அட்டைகளை வட்டமாக நிறுத்தி, இரண்டு அங்குலம் உமி பரப்பி, மேலே 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். குஞ்சுக்கு இரண்டு வாட் என்பது கணக்கு. (எல்.இ.டி. பல்பு போட்டு ஏமாறாதீர்கள். வெளிச்சம் வரும், சூடு வராது.) மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை.

இருபத்திரண்டாம் நாள், "வீடெல்லாம் நாத்தம் தாங்கலை, இன்னிக்கே வெளியே போடு" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் உமித் தூசி பெருக்கி அலுத்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் கொல்லையில் இருந்த புதுக் கூண்டில் கொண்டுபோய் விட்டேன். பல்பு கிடையாது. ராத்திரி காற்றும் தூறலும். காலையில் பார்த்தால் எல்லாம் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அடியில் இருந்த ஏழும் மூச்சுமுட்டிச் செத்திருந்தன. என் சின்னப் பையன் அன்று பள்ளிக்கூடமே போகவில்லை, அப்படி அழுதான்.

ஸ்ரீரங்கம் மேலூரில் மூத்தார் வீட்டில் இருக்கும் என் மாமியார் விஷயம் கேட்டு வந்தார். திட்டவில்லை. "ஏம்மா, தாய்க்கோழியா இருந்தா ரெக்கைக்கடியில வச்சுக்கும். நீ பல்பைத் தாயாக்கி வச்சே. அந்தத் தாயை ஒரே ராத்திரியில பறிச்சுட்டியே!" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

எப்போது அனுப்பலாம்?

முதல் வாரம் குஞ்சுக்கு 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரம் ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். நாலாவது வாரம் 80 போதும். நம் திருச்சி வெயிலில் சித்திரை, வைகாசியில் அது தானாகவே இருக்கும். ஆடிக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் இருக்காது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கத்துப் பக்கம் ராத்திரிக் காற்று இன்னும் சில்லென்று வரும்.

தேதியைவிடக் குஞ்சைப் பாருங்கள். பஞ்சு போன்ற மயிர் உதிர்ந்து, முதுகிலும் நெஞ்சிலும் நிஜ இறகு மூடியிருக்க வேண்டும். பல்பை அணைத்த பிறகும் பரவலாகப் படுத்திருந்தால் தயார். ஒண்டிக்கொண்டு கீச்சுக்கீச்சென்று கத்தினால், இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

பழக்கும் விதம்

மூன்றாம் வாரத்திலிருந்து பகலில் பல்பை அணைத்துவிடுங்கள், ராத்திரி மட்டும் போடுங்கள். காலை வெயில் ஏறியதும் கொல்லையில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, உள்ளே ஒரு மணி நேரம் விடுங்கள். பாதிக்கு நிழல் இருக்கட்டும். தினமும் நேரத்தைக் கூட்டுங்கள். பஞ்சாரம் இல்லாமல் விட்டால் காக்காயும் பருந்தும் சும்மா இருக்காது.

கூண்டுக்குக் குடிபோவது காலையில் நடக்கட்டும், சாயங்காலம் வேண்டாம். பகல் முழுக்க இடம் பழகினால்தான் ராத்திரி மிரளாது. உள்ளே வைத்திருந்த அதே தண்ணீர்க் குவளை, அதே தீவனம் கூடவே போகட்டும். முதல் சில ராத்திரிகள் பல்பும் இருக்கட்டும். தண்ணீர் படாமல், உமியில் விழாமல் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். மூலைகளில் அட்டையை வளைத்து வைத்து வட்டமாக்கிவிட்டால் குவிந்து ஏறாது. காற்று வரும் பக்கம் சாக்கு கட்டுங்கள். ஆனால் மேலே ஒரு சாண் திறந்திருக்கட்டும்.

கூண்டு

எட்டு வாரம் வரை குஞ்சுக்கு ஒரு சதுர அடி இடம். முப்பதுக்கு 6 அடிக்கு 5 அடி சரியாக இருக்கும். வலை அரை அங்குலக் கண்ணாக இருந்தால்தான் கீரி, பெருச்சாளி நுழையாது. உமி நனைந்தால் அன்றே மாற்றுங்கள். இந்த வயசில் ஈர உமியில்தான் ரத்தக் கழிச்சல் கிளம்பும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, நாலாவது வாரம் இன்னொரு தடவை, எட்டாவது வாரம் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டுச் செய்யுங்கள். மருந்து போடும் நாளும் இடம் மாற்றும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டாம்.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. குஞ்சு வளர்க்கும் இடம் சமையலறையாக இருக்கக்கூடாது. பிள்ளைகள் குஞ்சை முகத்தோடு ஒட்டி முத்தம் கொடுக்க விடாதீர்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வயிற்றுப்போக்குக் கிருமி அதன் எச்சத்தில் உண்டு.

அடுத்த மாசியில் மறுபடி முப்பது வாங்கினேன். இருபத்தொன்பது தேறின. ஒன்று பருந்துக்குப் போனது, அதுவும் நான் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டு ஃபோன் பேசப் போன நேரத்தில்தான். முதல் முட்டையை மேலூருக்குக் கொண்டுபோய் மாமியார் கையில் கொடுத்தேன். "இப்பத்தான் நீ கோழியூர்க்காரி" என்றார்!